ஆறரை மணித் தமிழ்ச் செய்தி

போன வாரம் நகரியில் ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தேன். முகூர்த்த நேரம் பார்த்து எங்கள் எல்இடி விளக்கு அணைந்துவிட்டது. மண்டபத்துக்காரர் எங்கிருந்தோ ஒரு பழைய ஹாலஜன் விளக்கைத் தூக்கிவந்து, தூசிகூடத் தட்டாமல் போட்டுவிட்டார். சற்று நேரத்தில் அந்த வாசனை எழுந்தது. சூடேறிய கண்ணாடியில் தூசியும் சின்னப் பூச்சிகளும் கருகும் வாசனை. கூடவே, மணப்பெண்ணின் முகத்தில் வியர்வையோடு இளகும் பவுடரின் வாசனை. கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த நான், என்னை அறியாமல், "ம், படி" என்று சொல்லிவிட்டேன்.

மணப்பெண் விழித்தாள். "இன்னாக்கா படிக்கணும்?" என்றாள்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு எடுத்த படமெல்லாம் ஆடியிருந்தது. அந்தச் சொல்லை நான் உன் ஒருத்தியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் என் வாய் உனக்குச் சைகை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

திருச்சானூர் ரோட்டில் லாட்ஜுக்கு மேல்மாடியில் இருந்த அந்த அறையை ஸ்டுடியோ என்று சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். ஜன்னல்களில் லாட்ஜின் கிழிந்த மெத்தைகளை அடைத்திருந்தார்கள். அதையும் மீறி ஷேர் ஆட்டோக்களின் ஹாரன் உள்ளே வரும். மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்பதால் செய்தி முடியும்வரை அதைப் போடக்கூடாது. எங்கள் ஓனர் தெலுங்குக்காரர். திருப்பதியில் கேபிள் நடத்திக்கொண்டிருந்தார். நகரியிலும் புத்தூரிலும் இருந்த கேபிள் ஆட்கள், "எங்க பக்கம் வூட்டுக்கு வூடு தமிழ் சார், தமிழ்ல ஏதாச்சும் போடுங்க" என்று நச்சரித்ததால்தான் தினமும் ஆறரை மணிக்குத் தமிழில் செய்தி போட ஒத்துக்கொண்டார். குரலுக்காக உன்னை எடுத்தார். தெலுங்குச் செய்தியின் கேமராமேன் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போயாக வேண்டும் என்று அடம்பிடித்ததால், மாமாவின் வீடியோக் கடையில் கேமரா பிடிக்கப் பழகியிருந்த என்னை எடுத்தார். நாம் இருவரும் நகரித் தறிக்காரர் வீட்டுப் பெண்கள். ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்பினோம்.

தெலுங்கில் வந்த செய்திகளை நான் தமிழில் எழுதித் தருவேன். முதல் நாளே நீ பேனாவை எடுத்து ஒரு சொல்லை அடித்தாய். நான் 'வட்டாட்சியர்' என்று எழுதியிருந்தேன்.

"இது யாருடி?" என்றாய்.

"எம்ஆர்ஓ."

"அப்ப எம்ஆர்ஓன்னே எழுது. வட்டாட்சியர்னு படிச்சா நம்ம ஆளுங்க தமிழ்நாட்டு நியூஸ்னு நெனச்சிக்கினு சேனல மாத்திடுவாங்க."

நம் செய்தி அப்படித்தான் வளர்ந்தது. நகரியில் எத்தனை நேரம் மின்வெட்டு, சித்தூர் மண்டியில் மாங்காய் என்ன விலை, ராமகுப்பம் பக்கம் யானை எந்த நிலத்தில் இறங்கியது, எந்தத் தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் இல்லை. சென்னைச் சேனல்கள் நம்மைத் தெலுங்குக்காரர்கள் என்று விட்டுவிட்டன. ஐதராபாத் சேனல்களுக்கு நாம் அரவக்காரர்கள், தமிழ் ஆட்கள். நம் தெருப் பெயரை டிவியில் சொன்னது உன் வாய் ஒன்றுதான். ஆறரைக்கு நகரித் தெருக்களில் தறிச் சத்தம் குறையும் என்று உன் அம்மா சொல்வார். நான் நேரில் கேட்டதில்லை. அந்த நேரத்தில் நான் எப்போதும் உன் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

காணாமல்போனவர்கள் நம் செய்திக்குள் வந்த நாள் உனக்கு நினைவிருக்குமா? அரக்கோணத்துப் பெண் ஒருத்தி லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷனுக்குக் காது கேட்காது. கூட்டத்தில் கை விட்டுப்போய்விட்டது. நீ அவளை மாடிக்கு அழைத்துவந்து, அவள் பர்ஸிலிருந்த போட்டோவை வாங்கிக்கொண்டாய். செய்தி முடியும் இடத்தில், யாரிடமும் கேட்காமல், அந்தப் போட்டோவைக் கையில் பிடித்து கேமராவுக்கு நேராக நீட்டினாய். நான் வேறு வழியில்லாமல் உன் விரல்களுக்கு நடுவில் இருந்த அந்த முகத்தை நெருங்கிப்போனேன்.

ஓனர் படியேறி வந்து கத்தினார். "இதி வார்த்தலு காதம்மா!" இது செய்தியே இல்லையாம்.

"வூட்ல ஒருத்தர் இல்லன்னா, அந்த வூட்டுக்கு அதுதான் சார் செய்தி," என்றாய் நீ.

மறுநாள் காலை திருச்சானூரில் குங்குமக் கடை வைத்திருந்த பெண் ஒருத்தி அந்த மனிதரைக் கண்டுபிடித்துக் கடையிலேயே உட்காரவைத்திருந்தாள். முந்தின நாள் மாலை நம் செய்தியைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஓனர் வாய் திறக்கவில்லை. ஆட்கள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். "தொலைஞ்சவங்களும் கீறாங்க, ஓடிப்போனவங்களும் கீறாங்க, கூட்டிகினு வந்து வேணும்னே வுட்டுட்டுப் போனவங்களும் கீறாங்க. எல்லாத்துக்கும் நாம ஒரே மாதிரி படிப்போம்," என்பாய்.

கிடைத்தவர்களின் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். கிடைக்காதவர்களின் போட்டோவைத் தூக்கிப்போட உனக்கு மனசு வரவில்லை. அவற்றை ஸ்டுடியோவின் பின்சுவரில் ஒட்டினாய், கேமராவுக்குப் பின்னால், உன் கண்ணுக்கு நேர் எதிரே. வருஷங்கள் போகப் போக அந்தச் சுவர் நிறைந்தது. நீ செய்தி வாசிக்கும்போதெல்லாம் என் தோளுக்கு மேலாக அவர்களைப் பார்த்து வாசித்தாய். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். சில நாட்களில், எல்லா விளக்கும் உன் மேல் இருக்க, இருட்டில் என் பிடரி குறுகுறுக்கும். திரும்பிப் பார்க்கமாட்டேன். திரும்பினால் படம் ஆடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் பயம்தான்.

ஒருநாள் அந்தச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பையனைக் கவனித்தேன். பள்ளிக்கூடக் குழுப் படத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு முகம். மற்ற படங்களின் கீழே நீ பேரும் ஊரும் எழுதியிருந்தாய். இதன் கீழே ஒன்றும் இல்லை. இவனை நாம் வாசித்ததாகவும் எனக்கு நினைவில்லை.

அன்று மாலை திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். புத்தூர் தாண்டிய பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாய்.

"என் தம்பி."

உனக்கு ஒரு தம்பி இருந்தான், சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டான் என்றுதான் உன் தெருவில் சொல்லக் கேட்டிருந்தேன். பத்தாவதில் அவன் பெயிலான அன்று, உன் நைனா தறி ஓடிக்கொண்டிருந்த அறையில் அவனை வைத்து அடித்திருக்கிறார். அன்றிரவு அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"ஏண்டி, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் படிக்கிற, இவனுக்குப் படிக்கமாட்டியா?"

"நைனாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். டிவில போட்டு என் மானத்த வாங்காத, அவனே வருவான்னு சொன்னாரு."

பஸ்ஸில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நீ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய். அத்தனை வருஷமும் நீ அப்படிப் பார்த்துக்கொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு ஒன்று சொன்னாய்: "தினமும் நான் 'காணவில்லை' படிச்சு முடிக்கிற வரைக்கும் எங்கம்மா டிவி முன்னாடியே குந்திகினு இருக்கும். முடிஞ்சதும் ஒண்ணும் பேசாம எழுந்து அடுப்பாண்ட போயிடும்."

காலம் மாறியது. செட்டாப் பாக்ஸ் வந்தது. ஓனர் சேனலை விற்றார். வாங்கியவர்கள் தெலுங்குச் செய்தி மட்டும் போதும் என்றார்கள். தமிழ்க்காரர்கள் எல்லாம் சென்னைச் சேனல் பார்க்கிறார்களாம். "சென்னைச் சேனல்ல நகரி கரண்ட்டு கட்டு வருமா சார்?" என்று நீ கேட்டாய். அந்தக் கேள்வியே அவர்களுக்குப் புரியவில்லை.

கடைசி நாள். செய்திகளை வாசித்து முடித்தாய். நான் விளக்கை அணைக்கக் கை வைத்தபோது, நீ முந்தானையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாய். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, பின்சுவரில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது என்று.

"காணவில்லை. பெயர் சேகர். நகரியைச் சேர்ந்தவர். மாநிறம். தறியில் நாடாக் கட்டை தெறித்ததால் இடது புருவத்தில் தழும்பு இருக்கும்…" மற்றவர்களுக்கு எப்படி வாசித்தாயோ அதே குரல், அதே வேகம். உயரம் சொன்னாய். ஆபீஸ் நம்பருக்குப் பதிலாக உன் சொந்த போன் நம்பரைச் சொன்னாய். நான் அந்த முகத்தை நெருங்கிப்போனேன்.

அன்று உன்னைத் தனியாக வீட்டுக்கு அனுப்பப் பயந்து நானும் கூட வந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. உன் நைனா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா கதவருகே நின்றிருந்தார். நீ செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றாய். நைனா உன் பக்கம் திரும்பினார்.

"ஒசரம் தப்பா சொல்ட்ட," என்றார். "இத்தினி வருசத்துல அவன் வளந்திருக்கமாட்டானா?"

உன் அம்மா அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

சில வாரங்கள் கழித்து ஏர்பேடு பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து ஒருவர் போன் செய்தார். தமிழ் பேசுகிற ஆள் ஒருவர் அங்கே வேலை செய்கிறார், புருவத்தில் தழும்பு இருக்கிறது, பேர் கேட்டால் சொல்வதில்லை என்றார். நாம் இருவரும் போனோம். நடக்க நடக்கச் செம்மண் புழுதி உன் புடவை ஓரத்தில் ஏறிக்கொண்டே வந்தது. அந்த ஆளை அழைத்துவந்து நிறுத்தினார்கள். நரைத்த தாடி. நம் அப்பா வயசு. உன் தம்பியாக இருக்கவே முடியாது.

நீ உடைந்துவிடுவாய் என்று உன் தோளைப் பிடித்தேன். நீ என் கையை விலக்கிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நீங்க ராமகுப்பம் முனிரத்தினம்தானே? பட்டுப்பூச்சி வளத்துகினு இருந்தீங்க."

அந்த மனிதரின் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு சரிந்தது. நம் சுவரில் மேல்வரிசையில் இருந்தவர் அவர். பூச்சியெல்லாம் நோயில் செத்துப்போன வருஷம் வீட்டைவிட்டுப் போனவர். எப்போதோ அவர் மகள் வந்து போட்டோவும் போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"அந்த ஆளு செத்துட்டான்னு சொல்லிடுங்கம்மா," என்றார் அவர்.

"சொல்லமாட்டேன். நீங்க இங்க கீறீங்கன்னும் சொல்லமாட்டேன். ஒரே ஒரு வாட்டி உங்க பொண்ணு கொரல மட்டும் கேளுங்க."

அங்கேயே நின்று அவர் மகளுக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தாய். "அல்லோ, யாருங்க? யாருங்க பேசறது?" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. அவர் போனை உன் கையில் திணித்துவிட்டுச் சூளைக்குப் பின்னால் போய்விட்டார். நாம் திரும்பிவிட்டோம். வழியெல்லாம் நான் புலம்பினேன், வீட்டுக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும் என்று. நீ தலையாட்டவேயில்லை.

மழை ஆரம்பித்த பிறகு அந்த மகள் உனக்குப் போன் செய்தாள். "நைனா வந்துட்டாருக்கா. அவரா வந்தாரு." நீ சந்தோஷப்பட்டாய், நான் பார்த்தேன். ஆனால் அன்றிலிருந்து உன்னை வேறொன்று பிடித்துக்கொண்டது.

"அவரு தன் போட்டோவ நம்ம டிவில பாத்திருக்காருடி. சூளையாண்ட டீக்கடைல பாத்தாராம். பாத்துட்டு சும்மா இருந்திருக்காரு." கொஞ்சம் நிறுத்தினாய். "அப்ப, என் தம்பியும் பாத்திருப்பான் இல்ல?"

அதற்கு நான் என்ன சொல்வேன்? இறந்திருப்பான் என்று நினைப்பதைவிட, உயிரோடு இருந்து, உன் குரலைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் இருக்கிறான் என்று நினைப்பது உனக்கு ஆறுதலா வேதனையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பிறகு நீ புத்தூரில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குப் போனாய். நான் கல்யாண வீடியோவுக்குத் திரும்பினேன். ஒரு மாலை உன் வீட்டுக்கு வந்தபோது, போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். "அம்மாவுக்கு கண்ணு ஆபரேசன் ஆயிடுச்சு. இப்ப நல்லா தெரியுதாம். நைனா தறிய வித்துட்டாரு. நம்ம தெருவுல சிமெண்ட் ரோடு போட்டுட்டாங்க. பின்னாடி வூட்டு வேப்பமரம் காத்துல சாஞ்சிடுச்சு…" எதிர்முனையில் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. நீயும் எதுவும் கேட்கவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாய். அழைப்பு தானாக அறுந்தது.

"யாரு?"

"தெரியல. எப்பயாச்சும் வரும். இந்த நேரத்துக்குத்தான் வரும். பேசமாட்டாங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறரை தாண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நம்பராம். ஒரே ஒரு முறை திருப்பிக் கூப்பிட்டிருக்கிறாய். ரேணிகுண்டா ஸ்டேஷனில் டீ விற்பவர் எடுத்தாராம். யாரோ ஒருத்தர் அவசரம் என்று போன் கேட்டார், கொடுத்தேன், ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை என்றாராம்.

"போய் விசாரிக்கலாம், வாடி," என்றேன்.

"வேணாம். தொரத்துனா இதுவும் நின்னுபூடும்."

"ராங் நம்பரா இருக்கும். எவனாச்சும் வெளையாடுவான்."

"இருக்கட்டுமே. கேக்கறாங்க இல்ல? கேக்கறவங்களுக்கு நான் சொல்றேன். என் வேலையே அதுதானே."

மார்பில் கட்டி வந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்கூட அந்தப் போன் உன் தலையணைக்கு அடியில் இருந்தது. குரல் தேய்ந்துபோயிருந்தது. என்ன வேண்டும் என்று கேட்டால் தண்ணீர் கேட்கமாட்டாய். "போன சார்ஜ்ல போடு" என்பாய். கடைசியாக நீ என்னிடம் தெளிவாகப் பேசியதும் அதைப் பற்றித்தான். "கால் வந்தா எடு. வூட்டு நியூஸ் எல்லாம் சொல்லு. யாருன்னு மட்டும் கேக்காத."

நீ போனபின் உன் அம்மா அந்தப் போனை என் கையில் கொடுத்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் பத்திரமாக வைக்கப் போனபோதுதான் ஒன்று உறைத்தது. நான் ஊரில் உள்ள கல்யாணத்தையெல்லாம் மணிக்கணக்காகப் பதிந்து வைத்திருக்கிறேன். நீ வாசித்த அத்தனை வருஷத்தில் ஒரு நிமிஷம்கூட என்னிடம் இல்லை. இரவு மறுஒளிபரப்புக்காக அந்த ஸ்டுடியோவில் ஒரே டேப்பின் மேல் திரும்பத் திரும்பப் பதிவு செய்தோம். இன்றைய உன்னை வைத்து நேற்றைய உன்னை அழித்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாட்களில் போன் அடித்தது. தெரியாத நம்பர். மாலை நேரம். எடுத்து, "சொல்லுங்க" என்றேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. பின்னால் எங்கோ பஸ் நிலையத்தில் ஒருவர் "புத்தூரு, நகரி, புத்தூரு, நகரி" என்று கூவிக்கொண்டிருந்தார். வீட்டில் பேசுகிற மாதிரி நீ போனதை என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் உன்னைப்போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, செய்தி வாசிப்பதுபோலச் சொன்னேன். உன் பெயர். நகரியைச் சேர்ந்தவர். உடல்நலக் குறைவால் திருப்பதியில் காலமானார். தாயும் தந்தையும் இருக்கிறார்கள். ஒரு தம்பி இருக்கிறார்.

அந்தப் பக்கம் அசைவில்லை. அழைப்பு அறுபடவும் இல்லை. பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அதற்கும் பிறகு வெகுநேரம் அது அப்படியே இருந்தது. நீ சொன்னதை மீறி நான் "தம்பி" என்றேன். உடனே துண்டித்துவிட்டது.

அதோடு நின்றுபோயிற்று என்றுதான் நினைத்தேன். மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. ஆனாலும் போகிற இடமெல்லாம் அந்தப் போனை எடுத்துக்கொண்டு போனேன். கல்யாண மண்டபங்களில், ஷேர் ஆட்டோவில், திருச்சானூர்க் கூட்டத்தில், நடுத்தர வயசு ஆண்களின் இடது புருவத்தைப் பார்க்கிற உன் வழக்கமும் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர்கள் என்னைத் தப்பாக நினைத்து முறைக்கிறார்கள்.

நேற்று மாலை மறுபடி வந்தது. நான் 'தம்பி' என்று சொல்லவில்லை. யார் என்று கேட்கவில்லை. செய்தியை மட்டும் சொன்னேன். "நைனா வழுக்கி வுழுந்துட்டாரு, இப்ப கோல் ஊணிகினு நடக்கறாரு. அம்மா வேளைக்கு மாத்திர போட்டுக்குது. மழ நல்லா பெஞ்சிருக்கு. வாசக்கதவ ராத்திரிலகூட தாழ் போடறதில்ல." என்னிடம் வேறு செய்தி இல்லை. "அவ்ளோதான்" என்று சொல்லி, துண்டிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

துண்டிக்கவில்லை. தொண்டையைச் செருமும் ஓசை கேட்டது. பிறகு ஒரு ஆணின் குரல், பேசிப் பழக்கமில்லாத குரல், ஒரே ஒரு சொல் சொன்னது.

"அப்புறம்?"

சேகரின் குரலை நான் கேட்டதில்லை. ஒரு சொல்லை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா? உன் அம்மாவிடம் நான் இன்னும் இதைச் சொல்லவில்லை. இது யாரோ தனியாக இருக்கும் மனிதராகவும் இருக்கலாம். நம்மால் யாருக்கும் திருப்பிக் கொடுக்க முடியாமல் போன அந்தச் சுவரிலிருந்து ஒருவராகவும் இருக்கலாம். என் பிடரி அந்தப் பழைய ஸ்டுடியோவில் குறுகுறுத்ததுபோலக் குறுகுறுத்தது. ஆனால் பயமாக இல்லை.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.